பென்சிலில் எழுதிய விரல்கள்

ஒன்பதாவது தடவையும் அந்த மேல் சுரம் வரவில்லை. வளன் ஓபோக் குழலை மடியில் சாய்த்து உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

ஆறு நாள் விசைப்படகில் வலை இழுத்த உடம்பு. ஞாயிறு ஒரு நாள்தான் முதுகைச் சாய்க்கலாம். அதையும் மாதா கோயில் பாட்டுக் குழு மாடத்தில் உட்கார்ந்து ஊதியே தீர்க்க வேண்டியிருக்கிறது, என்ன பிழைப்போ!

நாளைக்குத் திருவிழாப் பூசை. இன்றைக்கும் வராவிட்டால் அந்த இடத்தைக் கீபோர்டுக்குக் கொடுத்துவிடுவதாகப் பாட்டு மாஸ்டர் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷன்.

ஓபோ அண்ணன் மெல்வினுடையது. போன திருவிழாவில் அவன் அந்தச் சுரத்தை ஊதியபோது, கீழே இருந்தவர்களெல்லாம் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுமாதமே ஓபோவைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு மஸ்கட் போய்விட்டான்.

கூடவே ஒரு புத்தகமும் கொடுத்தான். எந்தச் சுரத்துக்கு எந்த விரலை எங்கே வைக்க வேண்டும் என்று படம் போட்டது. மேல் சுரங்களுக்கு மட்டும் அச்சில் இருந்ததை அடித்துவிட்டு, பென்சிலில் வேறு விரல்கள் எழுதியிருந்தான்.

அண்ணன் வாசிப்பின் சூட்சுமமே அந்தப் பென்சிலில்தான் இருக்கிறது என்று வளன் நம்பினான். அடித்ததை ஒருநாளும் ஊதிப் பார்த்ததில்லை.

மெல்வினின் மனைவி ஜெனோவாவும் அந்தப் பாட்டுக் குழுவில்தான் பாடுகிறாள். புத்தகத்தை எட்டிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அய்யோ கொழுந்தனாரே, இதப் பாத்தா ஊதுதிய? அவியளுக்கு இடது சுண்டுவிரல் மடங்காதுல்லா. வின்ச்சுக் கயித்துல மாட்டுனதுலருந்து அப்படித்தான். அதான் அந்த விரல் இல்லாம மாத்தி எழுதி வச்சிருக்காவ. ஒங்ககிட்ட சொல்லவே இல்லியா?”



அன்றைக்குப் படகில், வலைக் கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச்சின் லிவரைப் பிடித்திருந்தவன் வளன்தான். அண்ணன் கை காட்டுமுன்னே இழுத்துவிட்டான்.

“ஒண்ணுமில்லலே, லேசா ஒரசிட்டு” என்று அண்ணன் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சிரித்தான். அடுத்த வாரமே கடல் அலுத்துவிட்டது என்று சொல்லிப் படகை விட்டான். வளன் அதையும் நம்பினான்.

மாஸ்டர் கையைத் தூக்கினார்.

வளன் இடது சுண்டுவிரலை, புத்தகத்தில் அடித்திருந்த இடத்தில் வைத்தான். மாஸ்டரின் கை இறங்கும்வரை காத்திருந்தான்.

முதல் ஊதலிலேயே சுரம் பிசிறில்லாமல் வந்தது.

மாடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மெல்வினைவிடச் சுத்தம் என்றார் மாஸ்டர்.

பேசாமல் கீபோர்டுக்கே கொடுத்திருக்கலாம் என்று இருந்தது வளனுக்கு.