வெள்ளிக்கிழமை வரும் குடும்பப் படம்

றமீலாவும் ரிஸ்கானும் சண்டை பிடித்துக்கொண்டு பேசாமலிருந்த ஒரு பின்னேரம், வெள்ளவத்தை வீட்டில் ரிஸ்கான் டிவியில் புதுப்பட ட்ரெய்லர்கள் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை வரப்போகும் ஒரு குடும்பப் படத்தின் ட்ரெய்லரில் அவர்களுடைய சாப்பாட்டு மேசை வந்தது. றமீலாவின் கதிரையில் இருந்த வேறொருத்தி, படத்தில் தெரிந்த ரிஸ்கானுக்குச் சோறு போட்டாள். மகள் ஹிபாவுக்கு ஊட்டிவிட்டாள்.

"இது எங்கட ஊடு! நிப்பாட்டுங்க!" என்று றமீலா கத்தினாள்.

"பொறு, முடியட்டும்," என்றான் ரிஸ்கான், திரும்பிப் பாராமலே.

அவன் மடியிலிருந்த ஹிபா சொன்னாள்: "இந்த உம்மா ஏசவே மாட்டா."

றமீலா ரிமோட்டைப் பறித்து அழுத்தினாள். படம் நிற்கவில்லை. அந்தப் பெண் றமீலாவையே பார்த்தபடி எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்ப்பாளிட்டாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் றமீலாவின் முதுகுக்குப் பின்னால் கேட்டது.