விரியாத தாமரை

மலேசியாவில், தெப்ராவ் முத்தமிழ்ச் சுடர் மன்றத்தின் இணையத்தளத்தில் தாமரை ஒன்று இதழ் இதழாக விரியும், நாதஸ்வரம் முழங்கும், நடுவிலிருந்து தலைவர் தயானந்தன் கைகூப்பியபடி எழுவார். பதினைந்து வருடத்துக்கு முன் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்த வேலை. இப்போது எந்தக் கைப்பேசியில், எந்தப் புதுக் கணினியில் திறந்தாலும் வெறும் சாம்பல் நிறக் கட்டம்தான்.

புதிதாகச் செயலவைக்கு வந்த லோஷினி, அதை மாற்றியே தீருவது என்று கூட்டத்தில் எழுந்தாள்.

“அங்கிள், ஃப்ளாஷெல்லாம் எப்பவோ செத்துப் போச்சு. போன்ல ஓப்பனே ஆகாது லா.”

“எங்க வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல ஜம்முன்னு வருதேம்மா!” என்றார் தயானந்தன்.

“அது உங்க வீட்ல மட்டும்தான். நானே புதுசா செஞ்சு தரேன், காசு வேணாம்.”

“அந்தத் தாமரை நம்ம பண்பாடு. போனுக்காகப் பண்பாட்ட மாத்துறதா?” தலைவரின் குரல் தழுதழுத்தது. கைதட்டல் எழுந்தது.

பாவம், மனிதருக்கு இந்தக் காலத்துச் சங்கதி எதுவும் தெரியவில்லை என்று லோஷினி இரக்கப்பட்டாள். பிறகு செயலாளர் காளிதாஸிடம் திரும்பினாள்.

“அப்போ இந்த வருஷம் தலைவர் பதவிக்கு நானே நிக்கிறேன். வேட்புமனு குடுங்க.”

காளிதாஸ் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “இணையத்தளத்துல அந்தத் தாமரை விரிஞ்சப்புறம் வர்ற படிவத்துலதான் நிரப்பி அனுப்பணும்மா. தாள்ல எழுதிக் குடுத்தா செல்லாது. அஞ்சு வருஷமா ஒரே ஒரு மனுதான் வருது.”

“இந்த விதிய யார் போட்டது?”

“நான்தாம்மா,” என்றார் தயானந்தன் கனிவாக. “காலத்துக்கு ஏத்த மாதிரி நாமளும் மாறணும் இல்லையா?”