ஜாய்சி திறக்கும் நீராவி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, ஒரு காப்பிக் கதை சொல்கிறேன். பாளையங்கோட்டை வீடு. ஞாயிறு பூசை முடிந்து வந்த நாத்தனார்கள் நடுவில் லூர்து மேரி உட்கார்ந்திருக்கிறாள். மருமகள் ஜாய்சி புதிதாய் வாங்கிய எஸ்பிரெசோ மெஷினிலிருந்து டிகாஷன் கறுப்பு நூலாய் இறங்குகிறது. "இவ கட்டிக்கிட்டு வந்த அன்னைக்குப் போட்ட காப்பிய நான் என்ன செஞ்சேன் தெரியுமா?" என்று தொடங்குகிறாள் லூர்து மேரி. எல்லார் முன்னாலும் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கொட்டிய கதை, வருசா வருசம் சொல்வாள். கொட்டுகிற இடம் வந்ததும் ஜாய்சி நீராவிக் குழாயைத் திறக்கிறாள். பால் குவளை அலறுகிறது. "கேக்கலியே மயினி, என்ன சொன்னிய?" என்கிறாள் ஒரு நாத்தனார். லூர்து மேரி மறுபடி தொடங்குகிறாள், ஜாய்சி மறுபடி திறக்கிறாள். பால் தீய்ந்த வாடை எழும்புகிறது, அவள் மூடவில்லை. அந்தப் பாலையே ஊற்றி, மேலே நுரையைப் பரப்பி, மாமியார் கையில் கொடுக்கிறாள். "குடிங்க மாமி, எல்லாரும் பாக்காவ." லூர்து மேரி ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறாள். உங்கள் வீட்டில் யார் காப்பி போட்டாலும் மனம் குளிர்ந்து வாங்கிக் குடிக்கிறவர்கள் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா.