நொறுங்கத் தின்றால்

"முழுங்காதீங்க! இன்னும் நல்லா மெல்லுங்க."

வாய் நிறையப் பச்சை முட்டைக்கோஸை வைத்துக்கொண்டு அவர் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். ஊருக்கெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சாப்பாட்டு மேஜையில் மட்டும் பிரேக் பிடிக்காதவர். காய்கறி என்றால் காத தூரம் ஓடுவார்.

"வேக வெச்சாவது குடுக்கக் கூடாதா? என்னை என்ன ஆடுன்னு நினைச்சியா?"

"வேக வெச்சா பாதி பலன் போயிடும். இதுக்குள்ள ரெண்டு பொருள் தனித்தனி அறையில இருக்கு. கடிச்சு நொறுக்கினாத்தான் ஒண்ணோட ஒண்ணு சேரும். சேர்ந்தாத்தான் உடம்புக்கு நல்லது செய்யற சத்தே வரும்."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லு. நீ ஒரு அறை, நான் ஒரு அறை."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! சினிமா ஸ்டுடியோவே கதி என்று கிடப்பவள். தன்னை அடியோடு மறந்துவிட்டாள் என்று அவர் உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்தார். இன்றைக்கு என்னடாவென்றால் டி.வி.யை அணைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஃபேனையாவது போடேன். வேர்க்குது."

"சாப்பிடும்போது கவனம் சிதறக் கூடாது. இந்தாங்க, முள்ளங்கி. நறுக்குன்னு கடிங்க."

கடித்தார். கண்ணில் நீர் முட்டியது. காரம் என்று சொல்லிக்கொண்டார், உண்மையில் சந்தோஷம்தான். இவளுக்காக ஒரு தோட்டத்தையே மேயலாம் போலிருந்தது.

தட்டு காலியானதும் அவள் செல்போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கை கழுவப் போனவரின் காதில் அவள் பேச்சு விழுந்தது. ஸ்டுடியோவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"பேய் எலும்பைக் கடிக்கிற சீனுக்குச் சத்தம் ரெகார்ட் பண்ணிட்டேன். நிஜப் பல்லு, நிஜக் கடி! அனுப்பறேன், படத்தோட சேர்த்துப் பாரு."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. இதற்குத்தானா இவ்வளவு கரிசனம்?

"என்னது, இதுவே போதுமா? அதெல்லாம் முடியாது! டாக்டர் திட்டியும், நான் கெஞ்சியும் ஒரு காயைத் தொடாத மனுஷன், இன்னிக்குத்தான் தட்டைக் காலி பண்ணியிருக்காரு. அந்தப் பேய் இன்னும் ஆறு மாசத்துக்குத் தின்னட்டும்!"