கடைசி அடியில் ஒரு பேர்

கடைசி அடிக்கு முன்னால் மாரி கையைத் தூக்கினான். டோலக் நின்றது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தத் தெரு முழுக்கப் பந்தலுக்குள் அடைந்து கிடந்தது. நடுவில், பெஞ்சின் மேல், மாலைக் குவியலுக்குள் பக்தவச்சலம்.

பக்தவச்சலம் என்றால் ஏரிக்கரை கேசட்ஸ். சினிமாப் பாட்டே போடாத கம்பெனி. கானாவைக் கேசட்டாகப் போட்டு வளர்ந்த மனிதரின் சாவுக்குக் கானா இல்லாமலா? காலையிலேயே பள்ளிக்கரணைக்கு ஆட்டோ வந்து மாரியை ஏற்றிக்கொண்டது.

மாரியும் ஒரு காலத்தில் அந்தக் கம்பெனியைக் கும்பிட்டவன்தான். புதுக் கேசட் வந்தால் அட்டையைப் பிரிக்கும் முன் முகர்ந்து பார்ப்பான்.

“மத்தவன் நம்மள வாசல்ல நிக்க வெப்பான். இவரு மிஷினைத் தூக்கினு நம்ம வூட்டுக்கே வர்றாருபா” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்வான்.

அப்படி வந்துதான் அவர் அந்தப் பாட்டையும் பதிவு செய்தார். மனைவி செத்த அன்று, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து மாரி கட்டிய பாட்டு.

சாவுக் கானாவில் கடைசி அடி செத்தவருக்கு. அங்கேதான் பேர் வரும். சுற்றி இருப்பவர்கள் அதை மூன்று தரம் வாங்கிப் பாடுவார்கள். பேர் விழாவிட்டால் பாட்டு யாருக்கும் போய்ச் சேராது.

கேசட் வந்தது. அவள் பேர் இருந்த இடத்தில் புல்லாங்குழல்.

“பேர் எதுக்கு மாரி? பொதுவா இருந்தாத்தான் எல்லார் வீட்லயும் ஓடும்” என்றார் பக்தவச்சலம், தோளில் கைபோட்டு.

ஓடியது. பெருங்களத்தூர் டீக்கடையில், பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் பஸ்ஸுக்கு நின்றபடி அதற்குத் தாளம் போட்டார்கள். மாரி எதிர்ச்சாரியில் நின்று கேட்டான்.

இன்றைக்கு அதே பாட்டைத்தான் எடுத்தான். பக்தவச்சலத்தின் நல்ல குணங்களை நடுநடுவே செருகினான். ஒன்றையும் விடவில்லை. ஜனம் கதறியது. அவர் மகன் கம்பெனி மிஷினை மாரியின் காலடியில் ஓட விட்டிருந்தான். காரியத்துக்குள் கேசட்டாக வந்துவிடுமாம்.

“ஏரி வத்திப் போனாலும் வத்தாது ஒம் பேரு...”

கூட்டம் வாயைத் திறந்து காத்திருந்தது.

“தனம்!” என்றான் மாரி.

அழுத வேகத்தில் ஜனம் வாங்கிப் பாடிவிட்டது. தனம். தனம். மூன்றாம் தரத்தில்தான் குரல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன.

பக்தவச்சலத்தின் மனைவி காந்திமதி நிமிர்ந்தாள். முதலில் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாரியை.

“யாரு தனம்?”

“அதான் மிஷினைத் தூக்கினு தூக்கினு பள்ளிக்கரணைக்கு ஓடனாரா!” பெண்கள் பக்கமிருந்து யாரோ ஒருத்தி சொன்னாள்.

என் பொண்டாட்டி என்று மாரி சொல்லியிருந்தால் முடிந்தது.

அவன் காந்திமதியைப் பணிவாகக் கும்பிட்டான்.

“செத்துப் பூட்ட மன்சன். இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலை விட்டு வெளியே வந்தான். பின்னால் காந்திமதியின் அழுகை நின்றுபோயிருந்தது.

தனம் இருந்திருந்தால் இதற்குச் சிரித்திருப்பாளா, செருப்பைக் கழற்றியிருப்பாளா என்பதுதான் பஸ் வரும்வரை அவனுக்குத் தெரியவில்லை.