ஏழாம் அறைக்காரரின் பதில்

"சீக்கிரம் வாங்க மேடம்! இன்னும் பத்து நிமிஷத்துல அவரு வீட்டுக்குக் கிளம்பிடுவாரு!"

தலைமை நர்ஸைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நடந்தாள் அந்த நர்ஸ்.

"மெதுவாம்மா! நீயும் காலை உடைச்சுக்கிட்டு இந்த வார்டுலயே படுத்துடாதே."

நர்ஸ்கள் தங்கள் வேலையைத் தாங்களே எடைபோட்டு, குறையைக் கண்டுபிடித்து, அதற்கானதைத் தாங்களாகவே கற்று, நோயாளியிடம் செய்து காட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் புது உத்தரவு. இன்று கடைசி நாள். தேறினால் குழந்தைகள் வார்டு. இல்லையென்றால் இதே எலும்பு முறிவு வார்டு. குழந்தைகள் வார்டுக்காக ஏழு வருஷமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு அவள் கையெழுத்தே அழகாகிவிட்டது.

நடந்தபடியே அவளுடைய நோட்டைப் புரட்டினாள் தலைமை நர்ஸ்.

'முதல் நாள்: ஏழாம் அறைக்காரரிடம் வலிக்கிறதா என்று மூன்று முறை கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவம், காதும் கேட்காது, பேச்சும் வராது. நான் சறுக்கியது: நாலாவது முறை கத்தினேன். நாளை முதல்: சைகை மொழி.'

'ஐந்தாம் நாள்: வலிக்கிறதா என்பதற்குப் பதிலாக, மாடு குளித்ததா என்று கேட்டுவிட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.'

"வீட்டுலயும் பழகினியா?"

"ஆமா மேடம். உப்பு கேட்டு சைகை காட்டினேன். நான் கொசு அடிக்கிறேன்னு நினைச்சு வீட்டுக்காரர் கொசுவத்தி ஏத்திட்டாரு."

'பதினோராம் நாள்: இன்று அவரும் சைகையில் பேசினார்! "நன்றி, தங்கச்சி." ஸ்டோர் ரூமுக்குப் போய் அழுதேன்.'

"பத்து நாள் ஏன் சைகையில பேசலை?"

"கூச்ச சுபாவம் மேடம்."

ஏழாம் அறையில், காலில் மாவுக்கட்டோடு உடைமாற்றித் தயாராக உட்கார்ந்திருந்தார் அவர். நர்ஸின் கைகள் பறந்தன: வலி இருக்கிறதா? படி ஏறக்கூடாது. மாத்திரையை மறக்கக்கூடாது. அவர் கைகளும் பறந்தன: வலி இல்லை. ஏற மாட்டேன். மறக்க மாட்டேன், உன்னையும்தான்.

தலைமை நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தரையில் கால் பாவாமல் ஓடிப்போய் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள் நர்ஸ். வாசலில் அப்படியே நின்றாள். உள்ளே, அவள் இதுவரை கேட்டறியாத ஓர் ஆண்குரல் கணீரென்று கேட்டது.

"முதல் நாள் பக்கத்து ரூம் குறட்டை தாங்காம காதுல பஞ்சு வச்சிருந்தேன் மேடம். மறுநாள் பஞ்சை எடுத்துட்டுப் பார்த்தா இந்தத் தங்கச்சி கையை ஆட்டிக்கிட்டு நிக்குது! காதும் கேக்காம, வாயும் பேச வராம எப்படித்தான் இங்க வேலை பாக்குதோன்னு மனசு கேக்கலை; அதுக்காகவே புத்தகம் வாங்கிட்டு வரச் சொல்லி நானும் கத்துக்கிட்டேன்!"