காலிக் கோப்பை மரியாதை

“இன்னிக்கு ஓனரம்மாவே ஆட்டம் பாக்க வந்திருக்காங்க வெண்டல். உன் விஷயமாத்தான்” என்றார் கோச் ஓர்வில், சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பியபடி.

வெண்டல் ஹாக்ஸ்ட்ரா துடைத்துக்கொண்டிருந்த மட்டையைக் கீழே வைத்தான். பதினெட்டு வயதில், ‘இனி பேஸ்பால் என்றால் இவன்தான்’ என்று நாடே கொண்டாடிய பையன். பெரிய லீக் போட்டி போட்டுக் கொத்திக்கொண்டு போனது. போன வேகத்திலேயே திருப்பியும் அனுப்பியது. இப்போது ஐயோவா மாநிலத்துச் சோளக்காட்டு ஊர்களைப் பஸ்ஸில் சுற்றிவரும் சின்ன அணி ஒன்றில் இருக்கிறான். இந்த சீசனில் அவன் மட்டையில் பந்து பட்டதைவிடக் காற்று பட்டதுதான் அதிகம்.

“என்னைத் தூக்கப் போறாங்களா கோச்?”

“யார்ரா சொன்னா? நீ எப்பவும்போல ஆடு. எதையும் மாத்தாத.”

“எப்பவும்போல ஆடினா அவுட்டுதானே ஆவேன்?”

“ஆகிட்டுப் போ. என்னிக்காவது உன்னைத் திட்டியிருக்கேனா?”

திட்டியதே இல்லை. இப்படி ஒரு தங்கமான மனுஷனுக்காகவாவது ஒரு பந்தை அடித்துவிட வேண்டும் என்று வெண்டல் நினைத்துக்கொண்டான்.

“லொரெட்டா போன் பண்ணினா கோச். கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே அவ அப்பா டயர் கடையில எனக்கு யூனிபார்மே தைச்சு வெச்சுட்டாராம். பாக்கெட்டு மேல பேரு வேற.”

“பேரு சரியாப் போட்டிருக்காரா?”

“‘மாப்பிள்ளை’ன்னு போட்டிருக்காராம்.”

கோச் இருமுவதுபோல் சிரித்தார்.

“சிரிக்காதீங்க. அந்தச் சட்டைய மாட்டிக்கிட்டு அவர் முன்னாடி டயர் உருட்டறதுக்கு நான் செத்துடலாம். இன்னிக்கு அடிச்சே ஆகணும்.”

“அவசரப்படாதடா. ஒரு ஹாட் டாக் தின்னுட்டு உக்காரு.”

பெரிய லீக் மறந்துவிட்டாலும் வெளியூர் ஜனங்கள் அவனை மறக்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அவனுக்குத்தான் முதல் வரவேற்பு. இன்றுகூட பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு லாரி டிரைவர் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உங்களை நம்பித்தான் நூறு மைல் வந்திருக்கேன் சார். கைவிட்டுடாதீங்க!”

நாலாவது சுற்றில் வெண்டல் மட்டையோடு போனான். அரங்கமே எழுந்து நின்று காலிக் கோப்பைகளைத் தூக்கிப் பிடித்தது. மூன்று முறை வீசினான். மூன்றும் காற்றில். அவுட்!

ஒலிபெருக்கி ஏதோ அலறியது. அவன் வழக்கம்போலத் துண்டால் தலையையும் காதையும் போர்த்திக்கொண்டு பெஞ்சுக்கு ஓடிவந்தான்.

“பாத்தீங்களா கோச்? நான் வரும்போது கோப்பையத் தூக்கி மரியாதை செய்யறாங்க. அவுட்டானதும் மனசு தாங்காம வெளிய ஓடறாங்க.”

“பாசக்கார ஜனம்டா” என்று சொல்லிவிட்டு, கோச் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார்.

எட்டாவது சுற்றில் மறுபடியும் அவன் முறை. கோச் பின்னாலேயே ஓடி வந்தார்.

“முட்டி வலிக்குதா? கண்ணு கூசுதா? வேணும்னா சும்மா மூணு வீச்சு வீசிட்டு வந்துடு. நான் பாத்துக்கறேன்.”

“உங்க அன்புக் கடனை இன்னிக்குத் தீர்க்கறேன் கோச்.”

“ஐயோ, வேணாம்டா!”

முதல் பந்து. வெண்டல் கண்ணை மூடிக்கொண்டு வீசினான். ‘டமால்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை அவனே மறந்து போயிருந்தான். பந்து வேலியைத் தாண்டி, சோளக்காட்டுக்குள் போய் விழுந்தது. ஹோம் ரன்!

அரங்கத்தில் ஒரு முகத்திலும் ஈயாடவில்லை. நெகிழ்ந்து போய்விட்டார்கள் என்று நினைத்து, வெண்டல் அழுதுகொண்டே மைதானத்தைச் சுற்றி வந்தான்.

பெஞ்சிலும் யாரும் கை கொடுக்கவில்லை. தலை நிமிரவே இல்லை. வெண்டலுக்குச் சிரிப்பு வந்தது. அபூர்வமாக ஹோம் ரன் அடித்தவனைக் கண்டுகொள்ளாததுபோல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் மொத்தமாக மேலே விழுந்து கட்டிப்பிடிப்பது ஆட்டக்காரர்களின் பழைய குறும்பு. அவனும் தெரியாதவன்போல உட்கார்ந்து காத்திருந்தான்.

ஆட்டமே முடிந்துவிட்டது. ஒருவரும் வந்து விழவில்லை.

ஓனரம்மா மேவிஸ்தான் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

“பெட்டியக் கட்டுப்பா.”

“மேடம், நான் ஹோம் ரன் அடிச்சேன்! நீங்க பாக்கலையா?”

“பாத்தேனே! நாலாயிரம் பேரும்தான் பாத்தாங்க” என்று மூக்கைச் சிந்தினார் மேவிஸ். “உன் மனசு நோகும்னு இத்தனை நாளா மறைச்சோம். வெண்டல் அவுட்டானா பத்து நிமிஷம் பீர் பாதி விலைன்னு சொல்லித்தான் ஊர் ஊரா கூட்டம் சேர்த்துட்டிருந்தோம். ஒரு தடவை அடிச்சவனை இனிமே எப்படிப்பா நம்பறது?”